பெயர்காட்டி

"உன் கையால சாப்பிட நான் கொடுத்து வச்சிருக்கணும், வடிவு" என்றது விழிப்பலகை, பிரமநாயகத்தின் பழைய குரலிலேயே.

சண்முகவடிவு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பலகையைச் செய்த நிறுவனத்திலிருந்து அதைப் பழுதுபார்க்க வந்திருந்த மீரானைப் பெருமையாகப் பார்த்தாள்.

"கேட்டீங்களா தம்பி? நல்லா நடமாடுன காலத்துல இப்படி ஒரு வார்த்தை இவுக வாயில வந்ததில்ல. பக்கவாதம் வந்த பொறவுதான் மனசத் தொறந்திருக்காக. பாருங்க, சொல்லும்போதே அழுதுருவாக."

படுத்திருந்தவரின் கண்ணோரம் வழிந்த நீரை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

பாளையங்கோட்டையில் அப்படி மனம் திறந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். வாய் அசையாதவர்கள் விழிப்பலகையின் திரையில் பார்வையால் ஓர் எழுத்தைத் தொட்டால் போதும், மிச்ச வாக்கியத்தை அதிலுள்ள ஊகப்பொறி முடித்துக் குரலாக்கிவிடும். கேட்பவரின் முகம் எதற்கு மலர்கிறது என்று பார்த்துப் பார்த்து அது தேறிக்கொள்ளும் என்று விளம்பரத்தில் பீற்றிக்கொண்டார்கள். அதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நோயாளிகள் இவ்வளவு இனிமையாகப் பேசினால் யாருக்குத்தான் தோன்றும்?

"உள்ள என்னமோ அடைக்குதுக்கா. அதான் பலகை திணறுது" என்றான் மீரான்.

எழுத்துகளுக்கு உருவம் உண்டு, திரையில் தெரியும். 'அழி', 'நிறுத்து' போன்ற விசைகளுக்கு உருவம் கிடையாது, திரையின் ஒரு மூலையில் பார்வையைக் கொண்டுபோய் முட்ட வேண்டும். வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவை வந்தால் பலகை வாசிக்காமலே ஒதுக்கித் தள்ளிவிடும். பேச்சு தடங்கலில்லாமல் போகட்டும் என்று அந்த விதியை எழுதியவன் சாட்சாத் மீரான்தான். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இப்போது ஒரு சிறு நிரலை ஏற்றினான். உருவமில்லாத விசை ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டித் திரையின் அடியில் காட்டும் பெயர்காட்டி அது.

"இப்ப ஏதாவது கேளுங்கக்கா."

சண்முகவடிவு மேசை விசிறியைக் கணவரின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "காத்து போதுமா உங்களுக்கு?"

"சுகமா இருக்கு, வடிவு. நீ பக்கத்துல இருந்தாலே சுகம்தான்."

அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் பெயர்கள் கொட்டத் தொடங்கின.

‹அழி› ‹அழி› ‹நிறுத்து› ‹அழி› ‹நிறுத்து› ‹நிறுத்து› ‹நிறுத்து›

மீரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரமநாயகத்தைப் பார்த்தான். அவருடைய விழிகள் அந்த ஒரே மூலையில் போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தன. எத்தனை வருடமாக முட்டுகின்றனவோ! தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

"அப்போ இதெல்லாம் யாரு சொன்னது?"

"பலகைதான்கா. நீங்க எதுக்குச் சிரிக்கீங்கன்னு பார்த்துச் சொல்லியிருக்கு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருசமும் நான் என்கூடவேதான் பேசிக்கிட்டு இருந்தேனா?"

மீரான் ஊகப்பொறியை அணைத்தான். இனி வருவது அவர் பேச்சு மட்டும்தான். எழுத்தெழுத்தாக வந்தது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விசிறியை நிறுத்து. கண் எரியுது.

இமைகள் முழுசாக மூடாத மனிதர் அவர். அந்த முகத்துக்கு நேராக இராப்பகலாக விசிறி! மீரான் பாய்ந்து போய் விசிறியை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் நின்றுவிட்டது. அது எந்தக் கண்ணீர் என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். முந்தானையின் ஈர முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் உங்கள நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன்?"

விழிகள் நகர்ந்தன. முதல் எழுத்து விழுவதற்குள் அவள் கை ஊகப்பொறியின் பொத்தானை அழுத்திவிட்டது.

"அக்கா! என்ன செய்தீங்க!"

"வேண்டாம் தம்பி. இவுக வாய்ச்சொல்ல முப்பது வருசம் கேட்டவ நான். மறுபடி அதக் கேட்டுட்டு, நாளைக்கு இவுகளுக்குப் பீ மூத்திரம் அள்ள என்னால முடியாது."

"உன்னைவிட நல்லா யாரு பார்த்துக்குவா, வடிவு?" என்றது பலகை.

திரையின் அடியில் பெயர்கள் வரிசை வரிசையாக ஓடின. கஞ்சி துடைத்த துண்டை எடுத்து அந்த இடத்தை மறைத்துத் தொங்கவிட்டாள். ஆசையோடு கணவரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கண்களில் ஈரம் இல்லை. அவள் முகம் வாடிப்போயிற்று.

எழுந்துபோய் விசிறியைப் போட்டாள்.

விசிறி வேகம் பிடித்தது. சிறிது நேரத்தில் பிரமநாயகத்தின் கண்ணோரம் நிறைந்து வழிந்தது. சண்முகவடிவு முந்தானையோடு குனிந்தாள்.

"பாருங்க தம்பி, இப்பத்தான் மனசுல இருந்து சொல்லுதாக."