ஓஸ்னியேல் போட்டுவைத்த எண்கள்

லிஸ்மாரி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. கைபாரியென் ஊரில் கரண்ட் போவதெல்லாம் ஒரு சேதியா, வந்தால்தான் சேதி. கடற்கரைத் தெருவின் கடைசி வீடு அது. பலகைச் சுவர், ஓட்டுக்கூரை, உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்து தொங்கும் கதவு. பின்வாசலைத் திறந்தால் அலையாத்திக் காடு, அதைத் தாண்டினால் கடல். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தவளுக்குக் கதவைத் தட்டக் கை எழவில்லை. மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் அவள்.

கதவு தானாகத் திறந்தது. நெரெய்தா நின்றிருந்தாள், கையில் போனோடு.

"வா பொண்ணே. ரொம்ப இளைச்சுட்டே."

"நீங்களும்தான் அத்தை."

நெரெய்தாவின் ஒரே மகன் ஓஸ்னியேல் மியாமிக்குப் படகேறிப் போய் அன்றோடு பதினோரு நாள். ஐந்து பேர், கார் எஞ்சின் பொருத்திய ஒரு படகு, இரண்டு பீப்பாய் தண்ணீர். திங்கட்கிழமை விடியற்காலையில் போனவன் இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. போலீசுக்குப் பயந்து மற்ற நான்கு பேரும் போனைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஓஸ்னியேல் மட்டும் தன்னுடையதை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனான்.

இப்படிப் போனவர்களைத் தேடுகிற குடும்பங்கள் படம் போட்டுக் கேட்கிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. கரையொதுங்கியவர்கள், கடலோரக் காவல் கப்பல்கள் பிடித்து வைத்திருப்பவர்கள், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். உள்ளூர் இணையத்தில் அது திறக்காது, விபிஎன் வேண்டும். நெரெய்தாவின் போனிலோ அந்த விபிஎன் பதினோரு நாளாக ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்துதரத்தான் லிஸ்மாரியை அழைத்திருந்தாள். பூங்காவில் ஒரு மேஜை போட்டு ஊருக்கே போன் பழுது பார்ப்பவள் லிஸ்மாரி. மூன்று வருடம் ஓஸ்னியேலின் காதலியாகவும் இருந்தவள்.

"பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு தடவை கேட்டான், குடுங்க பாக்குறேன்னு. நான் குடுக்கலை" என்றாள் நெரெய்தா. "கிளம்புறதுக்கு முந்தின வாரம் அவன் உக்காந்து போட்டுக் குடுத்தது. அவன் கைபட்டதை இன்னொருத்தன் நோண்டக் கூடாது. நீயும் பாத்துச் செய். அழிச்சுடாதே."

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். லிஸ்மாரி தலையாட்டிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள். காப்பி போடுகிறேன் என்று நெரெய்தா அடுப்படிக்குப் போனாள். ஜன்னல் வழியே சாய்ந்த வெயில் வந்துகொண்டிருந்தாலும் வீட்டுக்குள் சேற்று வாடை. கடல் உள்வாங்கும் வற்றம் நேரத்து அலையாத்திச் சேறு அப்படித்தான் நாறும் என்று லிஸ்மாரி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அது வற்றம் நேரமில்லை.

விபிஎன்னின் உள் அமைப்பைத் திறந்தாள். இலவசச் சரக்கு, ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது. 'ப்ராக்ஸி வழியாகச் செல்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு முகவரி எண், அதற்கும் கீழே 8080.

அந்த எண் ஓஸ்னியேலின் போன்.

ஒரே டேட்டா பாக்கெட்டில் இரண்டு பேர் ஓட்டுவதற்கு ஊரில் எல்லோரும் செய்கிற வித்தை அது. ஒருவன் தன் போனில் விபிஎன் போட்டு, ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுவான். மற்றவர் போனில் இவன் எண்ணை ப்ராக்ஸியாகப் போட்டால், அவர் அனுப்புவது, அவருக்கு வருவது எல்லாம் இவன் போன் வழியாகத்தான். ஓஸ்னியேல் இன்னொன்றும் செய்திருந்தான். அம்மா தெரியாத்தனமாகத் தன் டேட்டாவைத் தீர்த்துவிடக் கூடாதென்று, விபிஎன் இல்லாமல் எதுவும் உள்ளே வரவும் கூடாது வெளியே போகவும் கூடாது என்று பூட்டியும் வைத்திருந்தான். வீட்டில் இருந்தவரை நன்றாகத்தான் ஓடியது. கிளம்பும் அவசரத்தில் அதைக் கழற்ற மறந்துவிட்டான். அவன் கடலுக்குப் போனதும் அம்மாவின் போன் செவிடாகிவிட்டது. அதில் வட்டம் சுற்றுவதைப் பார்த்தவள், நம் ஊர் இணையம் என்றைக்கு ஒழுங்காக இருந்தது என்று விட்டுவிட்டாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே லிஸ்மாரிதான்.

அவள் டிக்கை எடுத்தாள். எண்களை அழித்தாள். பூட்டைத் திறந்தாள்.

போன் ஒரு முறை அதிர்ந்தது. பிறகு நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஓஸ்னியேல், ஓஸ்னியேல், ஓஸ்னியேல் என்று திரை முழுக்க அவன் பெயர். பதினான்கு மெசேஜ், பெரும்பாலும் குரல் பதிவுகள். எல்லாமே பத்து நாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் அனுப்பியவை.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது. லிஸ்மாரி சத்தத்தைக் குறைத்துப் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, எஞ்சின் நின்னுபோச்சு. பயப்படாதே. போன் பேசுற அளவுக்கு சிக்னல் இல்லை, மெசேஜ் மட்டும்தான் போகுது. நாங்க இருக்குற இடத்தை அனுப்பியிருக்கேன். மியாமிக்கு மாமாகிட்ட சொல்லு, கப்பல் அனுப்பச் சொல்லு. தீவு கண்ணுக்குத் தெரியுது, தூரமில்லை."

அடுத்தது வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கடுத்து, "அம்மா, பாத்தியா?" நாலைந்து முறை அதையே கேட்டிருந்தான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக. காற்று திரும்பிவிட்டது, இழுத்துக்கொண்டு போகிறது என்று ஒன்று. பதினோராவதில், "லிஸ்மாரிகிட்ட சொல்லு. அவளுக்கும் அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன், போய்ச் சேர மாட்டேங்குது. என்னைத் தடுத்து வெச்சிருக்கா போல. அவளுக்கு யாரைப் பிடிக்கணும்னு தெரியும்."

பதிமூன்றாவதில், "என்மேல கோவமா அம்மா?"

பதினான்காவதில் பேச்சே இல்லை. நாற்பது நொடி. படகுப் பலகையில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும்.

லிஸ்மாரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். தடுத்துத்தான் வைத்திருந்தாள். படகில் போகப்போகிறேன் என்று அவன் சொன்ன அன்றைக்கே, செத்தாலும் எனக்குச் சொல்லியனுப்பாதே என்று கத்திவிட்டு அவன் எண்ணைத் தன் போனில் அடைத்தாள். இரண்டு கதவு இருந்தது அவனுக்கு. ஒன்றை அவனே தெரியாமல் சாத்திவிட்டுப் போனான், மற்றதை அவள் தெரிந்தே சாத்தினாள். பாவி, நான் பாவி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அந்த அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது? பேசாமல் பதினான்கையும் அழித்துவிட்டால் என்ன? மகன் கூப்பிட்டதும் தனக்குக் கேட்காமல் போனதும் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

அப்போதுதான் போன் தானாக வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டது.

தெருவில் கரண்ட் இல்லை. எந்த வீட்டிலும் வைஃபை இருக்க வழியில்லை. திரையின் மேலே இரண்டு சிக்னல் கோடு. பெயரைப் பார்த்தாள்.

ஓஸ்னியேல்.

விபிஎன் மறுபடி சுற்றத் தொடங்கியது. உள்ளே போய்ப் பார்த்தாள். அழித்த கட்டத்தில் டிக் இருந்தது. முகவரி எண் இருந்தது. 8080 இருந்தது. அழித்தாள். கட்டம் காலியானது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, ஒருவன் நிதானமாகத் தட்டுகிற வேகத்தில்.

சேற்று வாடையோடு இப்போது பெட்ரோல் வாடையும் சேர்ந்துகொண்டது.

"வந்துட்டானா?"

நெரெய்தா இரண்டு கோப்பையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது, அதைத்தான் லிஸ்மாரியால் பார்க்க முடியவில்லை.

ஒரு வாரமாகவே கரண்ட் போகிற வேளையில் இந்த வைஃபை வருகிறதாம். முதல் நாள் ஒரு கோடு, அதுவும் பின்வாசலில் நின்றால்தான். அப்புறம் கொல்லையில் வந்தது, அப்புறம் நடுவீட்டுக்கு வந்தது. நெரெய்தா அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. படகு கவிழ்ந்து மகன் நீந்தித் திரும்பிவிட்டான், போலீசுக்குப் பயந்து அலையாத்திக்குள் ஒளிந்திருக்கிறான், ஆளில்லாத வேளை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை நோக்கி வருகிறான் என்று அவள் கணக்கு. தினமும் ஒரு தட்டில் சோறும் கறுப்பு அவரையும் போட்டுக் கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தட்டு காலியாகவில்லையாம், ஆனால் காலையில் பார்த்தால் நனைந்திருக்குமாம்.

"ஒட்டிக்குது, ஆனா பேச முடியலை. அதைத்தான் சரி பண்ணிக் குடுன்னு கூப்பிட்டேன்" என்றாள். "படம் போடுற அந்தப் பக்கத்தைத் திறக்கணும்னு சொன்னதெல்லாம் சாக்கு. செத்தவங்க படத்தை நான் எதுக்குப் பாக்கணும்?"

லிஸ்மாரி எத்தனையோ வீட்டில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், பேட்டரி போச்சு, போர்டு போச்சு என்று. இந்த ஒரு பொய் நாக்கில் ஏறவில்லை.

"அத்தை, உக்காருங்க. அவன் மெசேஜ் அனுப்பியிருக்கான்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. போன மறுநாள்."

நெரெய்தா கோப்பைகளைக் கீழே வைத்தாள். "செவ்வாக்கிழமை நான் எங்கயும் போகலையே. நாள் பூரா இதைக் கையிலதானே வெச்சிருந்தேன்" என்றாள். யாரோ அவள்மேல் குற்றம் சாட்டியதுபோலச் சொன்னாள்.

லிஸ்மாரி எதையும் மறைக்கவில்லை. எண்களைக் காட்டினாள், பூட்டைச் சொன்னாள், வித்தை தன்னுடையது என்றாள், தான் அடைத்துவைத்ததையும் சொன்னாள். பிறகு பதினான்கையும் வரிசையாகப் போட்டாள். நெரெய்தா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், எதிரில் உட்கார்ந்து பேசுபவனுக்குச் சொல்வதைப்போல. சொல்றேன்டா, மாமாகிட்ட இப்பவே சொல்றேன் என்றாள். பாத்துட்டேன், பாத்துட்டேன் என்றாள். கோவமா என்று அவன் கேட்டதும் மார்பில் அடித்துக்கொண்டாள். "இல்லடா கண்ணு. கேக்கலைடா எனக்கு. நீ கூப்பிட்டது கேக்கலைடா."

கடைசித் தண்ணீர்ச் சத்தம் போனில் முடிந்தது.

வீட்டில் முடியவில்லை.

பின்வாசலுக்கு வெளியே அதே சத்தம், பலகையில் மெதுவாக மோதிக்கொண்டிருந்தது. திரையில் மூன்று கோடு. பிறகு நான்கு. கதவின் கீழ் இடுக்கில் தண்ணீர் கசிந்து தரையில் பரவியது, ஒரு ஆள் நனைந்துபோய் நின்றால் சொட்டுகிற அளவுக்கு.

யாரும் கதவைத் தட்டவில்லை.

நெரெய்தா போனை வாங்கிக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் ஆலையில் நண்டு உடைத்து வெட்டுப்பட்ட விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'கிடைச்சுதுப்பா. எல்லாம் கேட்டேன். கோவமில்லை.'

அனுப்பினாள். இத்தனை நாளும் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. மெசேஜ் போனது, அவன் வழியாக, அவனுக்கே. இரண்டு டிக், உடனே நீலம்.

நான்கு கோடு மூன்றானது.

"போறான்" என்றாள் நெரெய்தா. எழுந்து ஓடிப் பின்கதவைத் திறந்தாள். வெயில் இன்னும் இருந்தது. கொல்லையில் ஒருவரும் இல்லை. ஈரத் தடம் அலையாத்திப் பக்கம் போயிருந்தது. அவள் போனைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சேற்றில் முழங்கால் புதைய நடந்தாள், இரு, கொஞ்சம் இரு என்று கெஞ்சிக்கொண்டே. இரண்டு கோடு, ஒரு கோடு. தண்ணீர் தொடங்கும் இடத்தில் அதுவும் போயிற்று. லிஸ்மாரி இடுப்பைப் பிடித்து இழுத்துத்தான் அவளைக் கரையேற்ற வேண்டியிருந்தது. அத்தனை அழுகைக்கு நடுவிலும் நெரெய்தா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஹாட்ஸ்பாட் வரவில்லை. நெரெய்தா மகனுக்குப் பூசை வைத்தாள், கறுப்பு உடுத்தினாள்.

லிஸ்மாரி அன்றைக்கே தன் போனில் அவன் எண்ணின் அடைப்பை எடுத்தாள். ஒன்றும் வரவில்லை. வராது. அடைத்திருந்த காலத்தில் அனுப்பியது எதுவும் எங்கேயும் காத்துக்கொண்டிருக்காது, அனுப்பிய நொடியிலேயே அவளுக்கில்லை என்று ஆகிவிடும். அவள் தொழில் அது, அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மதியம் கடலில் இருந்து தனக்கு அவன் என்ன சொன்னான் என்பது இனி ஒருவருக்கும் கிடைக்காது.

அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம். ஊர் நடுவில், கடலிலிருந்து ஒரு மைல் தள்ளி, மாடியில் அவள் அறை. கரண்ட் போனது. மேஜைமேல் இருந்த அவள் போன் தானாக ஒட்டிக்கொண்டது. ஒரு கோடு.

மறுநாள் இரண்டு. அவள் விபிஎன் அமைப்பைத் திறந்து பார்த்தபோது எண்கள் ஏற்கனவே அதில் இருந்தன. அவள் அழிக்கவில்லை. 'கிடைத்தது' என்று எழுதிப் பார்த்தாள். போகவில்லை. கிடைக்காததைக் கிடைத்தது என்று எப்படிச் சொல்வது? வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மூன்று கோடு. மாடிப்படியில் சேற்று வாடை. கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று வருகிறான். கொடுக்க ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனதும் லிஸ்மாரி கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான்கு கோடு வந்தது. கதவின் கீழே தண்ணீர் வந்து அவள் பாதத்தைத் தொட்டது. உப்புத் தண்ணீர், வெதுவெதுப்பாக.

"சொல்லு" என்றாள் அவள். "கேக்குறேன். சொல்லு."

வெளியே பலகையில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது.