குமிழி நின்ற பகல்

ஈரத்துணியால் தம்பியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோலுக்கடியில் ஏதோ நொறுநொறுவென்றது. அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். காய்ந்த சருகைத் துணிக்குள் வைத்து அமுக்கியதுபோல் இருந்தது.

"காத்துதாம்மா," என்றார் டாக்டர். "வைரஸ் காய்ச்சல்ல நுரையீரல் ரொம்ப நைஞ்சு போயிருக்கு. ஓட்டை விழுந்து காத்து கசியுது. அது வெளிய போகத்தான் விலாவுல குழாய் போட்டிருக்கோம். குழாய் முனையில இருக்கற பாட்டில்ல குமிழி வர்ற வரைக்கும் கசியுதுன்னு அர்த்தம். நின்னுடுச்சுன்னா நல்ல சேதி."

அன்றிலிருந்து அவள் கண் பாட்டிலை விட்டு அகலவில்லை. கட்டிலுக்கடியில் பாதித் தண்ணீரோடு அது நிற்கும். அவன் மூச்சு விடும்போதெல்லாம் களகளவென்று பொங்கும். மருந்து நெடியும் வேர்வை வாடையும் சுழல்கிற அந்த நீளமான வார்டில் அவளுக்கு வேறெந்தச் சத்தமும் காதில் ஏறவில்லை.

"மீன் தொட்டி மாதிரி இருக்குக்கா," என்றான் தம்பி, மூச்சு வாங்க. "ரெண்டு மீன் வாங்கிப் போடேன்."

"நீ முதல்ல எழுந்து உட்காரு. திமிங்கிலமே வாங்கிப் போடறேன்."

அப்பா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்கு ஒன்று ஆனால் அவளுக்கும் அம்மாவுக்கும் நாதியில்லை.

மூன்றாம் நாள் காலை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். "பாட்டிலை வண்டி மேல தூக்கி வைக்கணும், அப்போ தண்ணி குழாய் வழியா நெஞ்சுக்குள்ள ஏறிடும்," என்றார் வண்டி தள்ளுகிறவர். "குழாயில இருக்கற அந்த நீல கிளிப்பை அமுக்கி மூடிடும்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க." அவள் அமுக்கினாள். திரும்பி வந்ததும் மாஸ்க்கை மாட்டி, தலையணையைச் சரிசெய்து, குளிருமே என்று போர்வையைக் குழாயோடு சேர்த்து நன்றாக இழுத்துப் போர்த்தினாள்.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை.

ஓடிப்போய் அம்மாவுக்கு போன் போட்டாள். "அம்மா, நின்னுடுச்சும்மா!"

"என் வயித்துல பால வார்த்தடி. இதோ கிளம்பிட்டேன்."

அவள் திரும்பியபோது சிஸ்டர்கள் எல்லாரும் கோடிக் கட்டிலில் ஒரு பெரியவருக்கு மூச்சு நின்றுவிட்டதென்று கூடியிருந்தார்கள். தம்பி அவள் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா... அடைக்குது..."

"அசதிடா. குமிழியே இல்ல பாரு. கண்ணை மூடித் தூங்கு."

அவன் கை புடவையை விட்டு நழுவியது. தூங்குகிறான் என்றே நினைத்தாள், பாவி மகள். தலையை வருடினாள். நெற்றியில் நொறுநொறு. கன்னத்தில் நொறுநொறு. கழுத்து வீங்கித் தாடையோடு ஒன்றாகியிருந்தது. இமைகள் புடைத்து இறுகியிருந்தன. உதடு நீலம்.

"சிஸ்டர்!"

போர்வையை உருவினாள். குழாய். கிளிப். மூடியே இருந்தது.

திறந்தாள். பாட்டில் கொதித்தது. பிறகு அடங்கியது. அவன் நெஞ்சு ஏறவில்லை.

ஓடிவந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி குத்தினார்கள், ஓய்ந்தார்கள். "எவ்வளவோ பார்த்தோம்மா. இந்த நோயே இப்படித்தான்," என்றார் டாக்டர். கிளிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

அம்மா வந்தாள், அவன் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வர இஸ்திரி போட்ட சட்டையோடு.

"இது என் பிள்ளை இல்லடி," என்றாள். "யாரையோ காட்டறாங்க. இந்த மூஞ்சி யாருது?"

"அம்மா..."

"கண்ணைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

இரண்டு கட்டை விரலையும் புடைத்த இமைமேல் வைத்து, மாவைத் தள்ளுவதுபோல் மெதுவாக ஒதுக்கினாள். தோலுக்கடியில் காற்று நொறுங்கி நகர்ந்தது. இமை விலகியது.

"ஐயோ, என் ராசா! நீதானாடா!" என்று அலறியவள் சட்டென்று நின்றாள். "ஏண்டி... உன்னையே பாக்கறானே?"

அம்மா கையை எடுத்தாள். இமை மூடவில்லை.

அக்கா சுவரோரம் ஒதுங்கினாள். அவன் கண் மெல்லத் திரும்பி அவளோடு வந்தது.