அரை விரல்

மத்தியான வெயிலிலிருந்து ஆஞ்சியோ அறைக்குள் நுழைந்ததும் டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. எப்போதும் குளிரும் அறைதான். ஸ்பிரிட் வாடையும் பழகியதுதான். அதில் இழைத்த மரத்தின் வாசனை எப்படிக் கலந்தது?

எக்ஸ்ரே படாமலிருக்க ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டார். மேஜையில் ஒரு பஸ் டிரைவர். மாரடைப்பில் இதயம் துவண்டு, பிரஷர் இறங்கி, கைகால் சில்லிட்டுக் கிடந்தார். மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. ஆளைச் சாய்த்தது அதில் ஒன்று.

போன மாதம் இதே மேஜையில் ஒரு தச்சர் இப்படித்தான் கிடந்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் பாதியை என்றோ ரம்பம் வாங்கியிருந்தது. முதல் குழாய் திறந்ததும் சிஸ்டர் கிசுகிசுத்தார்.

"போதும் சார். மிச்சத்த ஆள் தேறினதும் பாத்துக்கலாம். இதுக்கு மேல சாயம் ஏத்தினா கிட்னி தாங்காது."

"வந்தது வந்தாச்சு சிஸ்டர். ரெண்டையும் முடிச்சிடலாம்."

தச்சருக்கு நினைவு தப்பியிருக்கவில்லை. "போதுங்க டாக்டர்... குளிருது."

டாக்டருக்கோ திரையில் படம் ஓர் அடைப்பும் இல்லாமல் சுத்தமாக வரவேண்டும். வந்தது. சிறுநீரகம் நின்றது, ஆளும் போய்விட்டார்.

"முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சோம்மா" என்றார் மனைவியிடம். எல்லாவற்றையும் செய்ததுதான் தப்பு என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு டாக்டருக்கு இன்னும் செரிக்கவில்லை.

இப்போது டிரைவரின் குழாய் திறந்தது. மற்ற இரண்டும் திரையில் கண்ணை உறுத்தின. டாக்டரின் கை தானாக அடுத்த குழாய்க்கான கம்பியை எடுத்தது. எக்ஸ்ரே மிதியை அழுத்தினார்.

இதயத்தின் மேல் ஒரு கை இருந்தது.

எலும்புக் கை.

ஆள்காட்டி விரல் பாதியில் நின்றது.

"சிஸ்டர், யார் கை அது?"

"எந்தக் கை சார்? ஒண்ணுமில்லையே."

கம்பியைக் கீழே வைத்தார். "போதும். மிச்சம் அப்புறம்."

டிரைவர் பிழைத்தார். சில வாரம் கழித்து நடந்தே வந்தார்.

"மிச்சம் மீதியையும் முடிச்சு விடுங்க டாக்டர். வீட்டுல உக்கார வச்சே கொல்றாங்க."

இரண்டு குழாய்களையும் திறந்தார். திரையில் கை இல்லை. தச்சர் போய்விட்டார் போலும். பல நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

வெளியே வந்து ஈயக் கவசத்தைக் கழற்றினார். உள்ளே சட்டையின் இடது மார்பு நனைந்து சில்லென்றிருந்தது.

"இந்த ஏசியிலயும் வேர்வையா சார்?" என்றார் சிஸ்டர்.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

வேர்வைக்கு விரல்கள் இருக்காது.

அதில் ஒன்று பாதிதான்.