சாம்பல் கலந்த மண்

தண்ணீர் வைக்காத பானை வியர்க்காது. ஆனால் குடிசைக்குள், அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த சின்னப் பானை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே, காலையில் கழுத்துவரை நனைந்திருந்தது. துடைத்தாள். கையை எடுப்பதற்குள் மறுபடி ஈரம் கசிந்தது. சூட்டில் சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆதிமனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று திறந்தவெளியில் காட்டும் அருங்காட்சியகம் அது. தோல் மாதிரி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சக்கரம் இல்லாத காலத்தில் மண்ணைத் திரி திரியாக உருட்டிப் பானை செய்த விதத்தை வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவது அவள் வேலை. பானை வெடிக்காமல் இருக்க எலும்பைச் சுட்டுப் பொடித்து மண்ணில் கலப்பார்கள் என்பாள். எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், அவள் சிரிப்பாள். மகள் காய்ச்சலில் கண்ணை மூடும்வரை அது வெறும் வேலைப் பேச்சுதான்.

சாம்பலை ஆற்றில் விட்டுவிடலாம், பிள்ளையைப் பிடித்து வைக்காதே என்று கணவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் இருந்தால் என்றைக்காவது அவன் எடுத்துப்போய்விடுவான் என்ற பயம் வேறு. ஒரு மாலை அருங்காட்சியகத்தில் ஆள் நடமாட்டம் அடங்கியதும் சாம்பலை மண்ணில் கொட்டி, மகளுக்குத் தலை வாரிவிட்ட அதே கைகளால், அழுதுகொண்டே பிசைந்தாள். கொஞ்சத்தில் பானை செய்தாள். மீதியைக் கொட்டகை மூலையில் ஈரச் சாக்கால் மூடிவிட்டு, லீவு போட்டு வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்து பானையை மட்டும் சிறு தீயில் சுட்டாள்; சாக்கைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லை.

பானை வியர்த்த அன்று மாலை, மண்பாண்டம் சுடும் தீக்குழியை மூட்டும் முறை. போன வாரம் வந்தவர்கள் செய்து காயவைத்த கிண்ணங்களோடு, இன்னொரு தரம் நன்றாக வேகட்டும் என்று அவள் தன் பானையையும் நடுவில் வைத்தாள். கல் ஆயுதம் செய்து காட்டுகிறவன் விறகை அடுக்கினான். விரலில் பிளாஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பெயரே கல்லு என்றாகிவிட்டது. வைக்கோல் பற்றியது, புகை தரையோடு படர்ந்தது, பச்சை விறகு சீறியது, சூடேறும் மண் உள்ளே எங்கோ டிக் டிக்கென்று நெட்டி முறித்தது. அந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொன்று. முனகல். பிறகு சொல்.

“அம்மா, சுடுது.”

கம்பால் நெருப்பைக் கலைத்துப் பானையை வெளியே இழுத்தாள். மண்டியிட்டுக் காதை வைத்தாள். காது பொசுங்கியது. பானை பேசவில்லை.

குழி பேசியது.

“அக்கா, கை வெந்துரும், தள்ளி வாங்க.” கல்லு அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

“இந்தக் கிண்ணமெல்லாம் எந்த மண்ணுல செஞ்சது?”

“நீங்க லீவுல இருந்தப்ப மண்ணு பத்தலக்கா. மூலையில சாக்குக்கு அடியில நல்லாப் பிசைஞ்சது இருந்துச்சு. வீணாப் போயிடுமேன்னு எல்லாருக்கும் பிச்சுப் பிச்சுக் குடுத்துட்டேன்.”

பிச்சுப் பிச்சு.

தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழியின் விளிம்பில் கால் நின்றுவிட்டது. பழுத்த மண்ணில் தண்ணீர் பட்டால் சுக்குநூறாகிவிடும். தானாக ஆறவேண்டும். விடியும்வரை ஆறாது.

“அம்மா, தண்ணி.”

இடது ஓரத்திலிருந்து. நடுவிலிருந்து. அடியிலிருந்து. ஒரே குரல்.

“ஊத்தட்டுமாடா?” என்றாள். “ஊத்துனா நீ போயிடுவியேடா.”

விறகு சரிந்தது. கிண்ணங்களைக் கவிழ்த்துத்தான் அடுக்கியிருந்தாள். இப்போது எல்லாம் நிமிர்ந்திருந்தன. சிவக்கச் சிவக்க, சின்னச் சின்ன வாய்கள், அவள் கையிலிருந்த வாளியைப் பார்த்துத் திறந்திருந்தன.