தம்பியின் கத்திரிக்கோல்

காலை 9.10. கண்ணாடிப் பேழை காலி. பூட்டு உடையவில்லை, பட்டுத் துணியில் கத்திரிக்கோல் கிடந்த தடம் மட்டும் இருந்தது.

பதினொரு மணிக்குத் தையற்கடையில் நினைவுக் கூட்டம். மறைந்த தம்பி கோட்டு வெட்டிய கத்திரி என்று, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரான அண்ணன் யாரையும் கேட்காமல் நேற்று மாலை அதைப் பேழைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி வெட்டுமேசை இழுப்பறையில் கிடந்தது.

தம்பி மனைவி தேநீரை இடது கையால் நீட்டினாள். நாற்பது வருடமாகச் சொல்லியும் போகாத பழக்கம். பெரியவர் முகத்தைச் சுளித்து வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அந்தக் கத்திரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர், புதிதாகச் சேர்ந்த கட்டிங் மாஸ்டர். பெரியவரின் சந்தேகம் நேரே அங்கே போய் உட்கார்ந்தது.

"எடுத்தது நீதானே?"

"இல்ல சார். எனக்கு எதுக்கு அது? கடையம்மா அன்னைக்குத்தான் சாணை பிடிச்சிருந்தாங்க. ஆனா கைக்கு ஒட்டவே இல்ல. துணி வெட்டுப்படாம மடிஞ்சு மடிஞ்சு போச்சு. மானம் போச்சுன்னு அப்பவே திருப்பிக் குடுத்துட்டேன்."

"என் தம்பி கைக்கு மட்டும்தான் அது படியும்" என்றார் பெரியவர் மிடுக்காக.

சொன்ன வாய் மூடுமுன் உறைத்தது. மாஸ்டரைப் போலவே தம்பியும் வலக்கைக்காரன்தான், சிலேட்டில் எழுதப் பழக்கியதே அவர். தம்பி அளவெடுப்பதைப் பார்த்திருக்கிறார். வெட்டும்போது? தொழில் ரகசியம் என்று உள்ளறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பார்க்காத ஒன்றைப் பாசம் பார்த்ததாக்கிவிட்டது.

10.25. உள்ளறைக் கதவைத் தள்ளினார். தம்பி மனைவியின் இடது கையில் கத்திரி சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இடது கைக்குன்னு செஞ்ச கத்திரி. வலது கையில பிடிச்சா அலகு விலகித் துணி மடியும். எடுத்தது நீ. இத்தனை வருஷமா வெட்டினதும் நீதான்."

"அவர் பேரைக் கெடுக்க எனக்கு மனசில்ல மாமா. அதுக்காக என் கையைக் கண்ணாடிக்குள்ள பூட்டினா, பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"மாஸ்டரைப் பிடிச்சுக் குடுத்திருப்பேனே."

"விட்டிருப்பேனா?"

பெரியவர் வெளியே வந்து மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

11.00. முதுகை நிமிர்த்திக் கூட்டத்தின் முன் நின்றார்.

"என் தம்பி அளவெடுத்தான், அதுல அவனை மிஞ்ச ஆளில்ல. அவன் செய்யாததையும் அவன் கணக்குல ஏத்தினா அது அவனுக்கு மரியாதை இல்ல. வெட்டினது எங்க வீட்டு மருமக. கோட்டுல குறை கண்டவங்க யாராவது இருந்தா எழுந்திரிங்க."

கோட்டு போட்டு வந்திருந்த ஒருவரும் எழவில்லை.