அப்பா காது

லேப்டாப்பைத் திறந்ததும் சின்னதாக ஒரு மணி அடிக்கும். அன்றைக்கு அடிக்கவில்லை. அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே மதியத்திலிருந்து மழை. ஜன்னல்களையெல்லாம் அடைத்ததில் கூடத்துக்குள் ஈரத்துணி வாடை நின்றது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. படுக்கையறையில் மகள் குட்டி லேசான காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மாலையில் இதே லேப்டாப்பில்தான் நேர்காணல். அப்பா படுத்த படுக்கையானபோது விட்ட வேலை. அவர் போன பிறகு எங்கெங்கோ எழுதிப் போட்டுக் கடைசியில் ஓர் இடத்திலிருந்துதான் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன இது ஊமையாகிவிட்டது.

ஒலியளவை முழுதாக ஏற்றினாள். குட்டிக்குப் பிடித்த யானைப் பாட்டைப் போட்டாள். திரையில் யானை வாயைத் திறந்து மூடியது, தும்பிக்கையைத் தூக்கி ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. நிறுத்திப் போட்டாள். அணைத்துத் திறந்தாள். அது பாட்டுக்கு முழு ஒலியில் அரைமணி நேரமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"மறுபடியும் மியூட்ல வச்சுட்டு என் உசுர வாங்குறியா?"

"மியூட்டெல்லாம் இல்லடா. எல்லாம் பாத்துட்டேன்."

"அப்போ சத்தம் வேற எங்கயோ போகுதுக்கா. செட்டிங்ஸ்ல சவுண்டுக்குப் போ. எதுல கனெக்ட் ஆகியிருக்குன்னு காட்டும்."

அவள் போனாள். ஸ்பீக்கர் என்ற வரியில் குறி இல்லை. அதற்குக் கீழே இருந்த வரியில் இருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"அப்பா காது."



அந்தப் பேரை வைத்தவளே அவள்தான். அப்பாவுக்குப் புதிதாகக் காது மெஷின் வாங்கியபோது, செய்தி கேட்கட்டும் என்று லேப்டாப்போடு புளூடூத்தில் இணைத்து, விளையாட்டாக அப்படிப் பேர் போட்டாள். மெஷின் இல்லாமல் அவரால் இருக்கவே முடியாது. "அத எடுத்துட்டா நானே இல்லாத மாதிரி இருக்குதும்மா" என்பார். அதனால்தான் கடைசியில் எல்லாரும் கழற்றச் சொன்னபோதும், "அவருக்கு நிசப்தம்னா பயம், இருக்கட்டும் விடுங்க" என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மெஷினைக் காதோடு வைத்தே மண்ணைப் போட்டார்கள்.

"பழைய பேர் ஒண்ணு லிஸ்ட்ல ஒட்டிட்டு நிக்கும்க்கா," என்றான் தம்பி, குரலைச் சரிசெய்துகொண்டு.

"கனெக்டட்னு போட்டிருக்குடா. சார்ஜும் முழுசா காட்டுது."

"அது எப்படி... அதெல்லாம் எப்பவோ தீர்ந்திருக்கும். நாலு சுவரு தாண்டியே சிக்னல் வராது." எச்சில் விழுங்குவது கேட்டது. "லேப்டாப் ஏதோ உளறுது. ரிமூவ் பண்ணிடு, சத்தம் தானா வந்துரும். கடையில ஆள் நிக்கிறாங்க, அப்புறம் கூப்பிடுறேன்."

போன் அணைந்தது.

நீக்கவா என்று திரை கேட்டது. அவள் விரல் அங்கேயே நின்றது. பயத்தை விடத் துக்கம்தான் முதலில் வந்தது. அரைமணி நேரமாக முழு ஒலியில் யாருடைய காதில் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தோம்?

பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே மைக் என்றிருந்தது. அங்கேயும் அப்பா காது. பேசிப் பார்ப்பதற்காக ஒரு பச்சைக் கோடு. மைக்குக்குக் கிட்டே சத்தம் கேட்டால் கோடு நீளும், தூரத்தில் கேட்டால் லேசாக அசையும். அது அவளுக்கே தெரியும்.

"அப்பா?" என்றாள்.

கோடு லேசாக அசைந்தது.

பைத்தியக்காரி, எதை எதையோ கற்பனை பண்ணுகிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாற்காலியை நகர்த்தினாள்; அதற்கும் கோடு அசைந்தது. மேசையைத் தட்டினாள், அசைந்தது. அந்தக் காது இந்த வீட்டுக்குள்தான் எங்கேயோ இருந்து கேட்டுக்கொண்டிருந்தது, ஆனால் இந்தக் கூடத்தில் இல்லை.

அவள் கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்தாள். மழைச் சத்தம். குளிர்சாதனப் பெட்டியின் முனகல். எங்கிருந்தோ புது மண் வாடை. மழையில் நனைந்த மேல்மண்ணின் வாடை இல்லை, ஆழத்தில் தோண்டி வெளியே போட்ட மண்ணின் வாடை.

கோடு மறுபடி அசைந்தது. ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

மூச்சு.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கோடு நிற்கவில்லை. அவளுடையது இல்லை. சின்ன மூச்சு. வேகமாக. காய்ச்சல்காரர்களுடைய மூச்சு.

படுக்கையறையில் குட்டி இருமினாள்.

கோடு திரையின் கடைசி வரைக்கும் பாய்ந்தது.

கடைசி நாட்களில் அப்பா பேத்தியை விடவே மாட்டார். சுற்றியிருப்பவர்களைத் தெரியாமல் போன பிறகும் அவளை மட்டும் தெரியும். "இவள என்கூடவே விட்டுடு" என்று கட்டிக்கொள்வார்; விரல் விரலாகப் பிரித்துத்தான் பிள்ளையை வாங்க வேண்டியிருக்கும். அப்படி இறுக்கி அணைத்துக் காது எதிலாவது அழுந்தும்போதெல்லாம் மெஷின் மெல்லிசாக, ஊசி மாதிரி, கீச்சென்று கத்தும். தாத்தா விசில் என்று குட்டி கைகொட்டிச் சிரிப்பாள்.

நீக்கு. அழுத்தினாள். திரை யோசித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி.

பேர் மறைந்தது. பச்சைக் கோடு செத்தது. ஸ்பீக்கரில் மணி அடித்து, ஓடிக்கொண்டே இருந்த யானைப் பாட்டு வீடே அதிரும்படி வெடித்தது. அவள் பதறிப்போய் அதை நிறுத்தினாள். அப்பாடா. வந்துவிட்டது. சத்தம் வந்துவிட்டது. அசட்டுத்தனமாக ஒரு சிரிப்புகூட வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது. லேப்டாப்பிலிருந்து இல்லை. படுக்கையறையிலிருந்து.

மெல்லிசாக. ஊசி மாதிரி.

கீச்.

எழுந்து ஓடினாள். கால் வழுக்கியது. கூடத்திலிருந்து படுக்கையறை வாசல் வரைக்கும் தரையெல்லாம் ஈரமண். கதவு பாதி திறந்திருந்தது. தள்ளினாள்.

குட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தவிர அறையில் யாரும் இல்லை. அவள் முதுகில் மட்டும் கவுன் சுருங்கிச் சுருங்கி உள்ளே அழுந்தியது, இந்தப் பக்கம் ஐந்து விரலும் அந்தப் பக்கம் ஐந்து விரலுமாக.

"குட்டி, இங்க வா. அம்மாகிட்ட வந்துரு கண்ணு."

குட்டி வரவில்லை. வர முடியவில்லை. மூச்சு திணற, வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, தாத்தாவுக்கு ஒண்ணுமே கேக்கலயாம். பயமா இருக்காம்."

விசில் பெரிதாகிக்கொண்டே போனது. கவுனில் அந்தப் பத்து விரலும் இன்னும் இறுகின.