மஞ்சள் பெட்டியில் ஏழு ஓட்டு

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். திருத்தணி பஞ்சாயத்து போர்டு தேர்தலில் முடிவு சொன்ன மறுநாள் காலை ஆறு மணிக்கு, நெசவுக்காரத் தெருப் பெண்கள் வழக்கம்போலக் குடிதண்ணீருக்குக் குளத்தில் இறங்கினார்கள். முதலில் இறங்கிய கன்னியம்மாளின் குடத்தில் ஒரு கை வந்து தட்டியது. தோற்றுப்போன வேட்பாளர் ராஜவேலுவின் கை அது.

படியில் துண்டு மடித்து வைத்திருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் செருப்பை வைத்திருந்தான். பாவி மனுஷன், அவ்வளவு நிதானமாகச் செத்திருக்கிறான்.

ஏழு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் நஜீர் அகமது சைக்கிளில் வந்தார். ஆள் ஆறடி உயரம், பொறுமை அரை அங்குலம். நூலுக்கு சர்க்கார் கண்ட்ரோல் வந்ததிலிருந்து அந்தத் தெருவே செத்துக் கிடந்தது. இரண்டு மாதமாகத் தறிச் சத்தம் இல்லை. தெரு நடுவில் தறியில் ஏற்றவேண்டிய நூல் பாவு ஒன்றே ஒன்று மட்டும் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. நஜீர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதைச் சுற்றிப் போனார்.

"யாருது இது?"

"சுப்பிரமணிதுங்க. செத்தவரோட மச்சான்" என்றார்கள்.

ராஜவேலு வீட்டு வாசலில் அவன் மனைவி ரஞ்சிதம் கையில் அரிவாளோடு நின்றாள். உள்ளே, அவளும் தம்பியுமே குளத்திலிருந்து தூக்கி வந்த உடல். அதன் பக்கத்தில் அந்தத் தம்பி சுப்பிரமணி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தெரு முழுக்க வெளியே நின்றது. ஒருவரையும் அவள் உள்ளே விடவில்லை.

"பிரேத விசாரணைக்கு ஊர்க்காரங்க அஞ்சு பேரு உக்காரணும்மா. அப்பதான் உடலை எடுக்க முடியும்" என்றார் நஜீர்.

"இந்தத் தெருவுல மனுசங்க ஏதுங்க? நாப்பது ஓட்டுக்கு மேல இருக்குது. விழுந்தது ஏழு! போன வருசம் இந்தக் குளத்துத் தண்ணியக் குடிச்சித்தான் எம்பொண்ணு காலராவுல போச்சு. இவங்க வூட்டுப் புள்ளைங்களும்தான் போச்சு. குழாய் வரணும்னுதான் அவரு நின்னாரு. நான் விடிகாலையில மலையேறிப் போயி, விபூதி வாங்கியாந்து, அத்தினி பேருக்கும் என் கையால குடுத்தேனே! ராத்திரி பூரா ஒரே பேச்சுங்க. 'என் தெருவே என் மூஞ்சில காறித் துப்பிடுச்சி ரஞ்சிதம்'னு."

"ஐயோ, நான் மஞ்சள்லதான் போட்டேன்! பொய் சொன்னா என் கண்ணு அவிஞ்சி பூடும்!" என்று வெளியிலிருந்து அலறினாள் கன்னியம்மாள்.

"ஆங், எல்லாரும்தான் சொல்றீங்க. அப்ப ஓட்டு எங்கடி போச்சு?"

சுப்பிரமணி உள்ளிருந்து குரல் கொடுத்தான். "வுடு அக்கா. இந்தத் துரோகிங்க கிட்ட என்னா பேச்சு?"

அந்தக் காலத்து ஓட்டில் முத்திரை குத்துகிற வேலை இல்லை. வீட்டு வரி கட்டுகிறவருக்கு ஒரு காகிதம் தருவார்கள். திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு நிறத்தில் தகரப் பெட்டி இருக்கும். பிடித்தவர் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். ராஜவேலுவுக்கு மஞ்சள். ஜெயித்த முனிரத்தினத்துக்குப் பச்சை. ஊரில் பர்மிட்டுக்கு நூல் கொடுக்கும் கடை அந்த முனிரத்தினத்துடையது.

ரஞ்சிதம் அரிவாளை நீட்டினாள். "அந்த ஏழு பேரு யாருன்னு சொல்லுங்க. அவங்க மட்டும் எங்க வூட்டுக்காரரத் தூக்கட்டும். மத்தவன் தொட்டான்னா வெட்டிடுவேன்."

கான்ஸ்டபிள்களை விட்டு அவளை ஒதுக்கியிருக்கலாம். நஜீருக்கு ஏனோ மனசு வரவில்லை. சைக்கிளைத் திருப்பினார்.

ஒன்பது மணி. ஓட்டு நடந்த சத்திரம். தேர்தல் நடத்திய குமாஸ்தா வரதராஜன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே பதில் சொன்னார்.

"ஓட்டு முடிஞ்ச ராத்திரி பெட்டி எங்க இருந்துச்சி?"

"இந்த அறையிலதான் சார். ஜன்னலே கிடையாது. நானே வெளியில பூட்டி, சாவியை மடியில வெச்சுகினு படுத்தேன்."

"உள்ள?"

"ரெண்டு பக்கத்து ஏஜெண்டும். முனிரத்தினத்தோட கணக்குப்பிள்ளை, ராஜவேலுவோட மச்சான் சுப்பிரமணி. ரெண்டு பேரும் பாம்பும் கீரியும். ஒருத்தனை ஒருத்தன் காவல் காப்பான்னு உள்ள வெச்சே பூட்டினேன்."

"பெட்டிக்குப் பூட்டு?"

"வரல சார். நாடா சுத்தி அரக்கு வெச்சோம். அவங்கவங்க பெட்டியில அவங்கவங்க ஏஜெண்டோட மோதிர முத்திரை. காலையில சுப்பிரமணியே பார்த்து, 'என் வேல் மோதிரம்தான், அப்படியே இருக்குது'ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னான். அப்புறம்தான் பிரிச்சோம்."

"மோதிரம் யாருகிட்ட இருந்துச்சி?"

"அவன் விரல்லதான். கழட்டவே வராது சார், சோப்பு போட்டாலும்."

"எண்ணிக்கை?"

"கொடுத்த காகிதமும் விழுந்த காகிதமும் சரியா இருக்கு. ஒண்ணு கூடல, குறையல."

"அந்தத் தெரு ஜனங்க எப்படி ஓட்டு போட்டாங்க?"

வரதராஜனுக்குச் சிரிப்பு வந்தது. "அதை ஏன் கேக்கறீங்க! மலைக்கோவில் உண்டியல்னு நெனைச்சுட்டாங்க. காகிதத்தைக் கண்ணுல ஒத்திகினு, பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுகினு, ஆளுக்கு அஞ்சு நிமிஷம்."

மஞ்சள் பெட்டி மூலையில் கிடந்தது. நஜீர் அதைத் தூக்கி மடியில் கவிழ்த்துப் பார்த்தார். காக்கி நிக்கரில் வெள்ளையாக ஏதோ கொட்டியது.

"சத்திரத்துச் சுண்ணாம்பு சார், சுவரெல்லாம் உதிருது."

நஜீர் சுவரைத் தடவினார், கையை முகர்ந்தார். நிக்கரைத் தட்டி, அந்தக் கையையும் முகர்ந்தார். பச்சைப் பெட்டியைக் கவிழ்த்தார். துளித் தூசி இல்லை.

"ரெண்டு கட்டுக் காகிதத்தையும் எடுத்துகினு என்கூட வாங்க" என்றார்.

பதினோரு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. உடல் அப்படியே கிடந்தது. நஜீர் கன்னியம்மாளிடம் போய் நின்றார்.

"பெட்டியில காகிதத்தத் தவிர என்னா போட்டே?"

அவள் முந்தானையைக் கடித்தாள். "விபூதிங்க. ரஞ்சிதம் குடுத்ததுல ஒரு சிட்டிகை நெத்திக்கு வெச்சிகினு, மீதியப் பெட்டியில போட்டேன். முருகனுக்குப் போடற மாதிரி. தப்புங்களா?"

"வேற யாரெல்லாம் போட்டீங்க?"

நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கை உயர்ந்தது, அப்புறம் ஒன்று, அப்புறம் தெருவே கை தூக்கியது.

நஜீர் மஞ்சள் பெட்டியை ரஞ்சிதத்தின் காலடியில் வைத்தார். "கைய வுட்டுப் பாரும்மா."

அவள் கையை விட்டாள். மூலையிலிருந்தும் மடிப்பிலிருந்தும் வழித்ததில், உள்ளங்கை நிறைய விபூதி வந்தது.

"ஏழு பேரு போட்ட விபூதி இவ்ளோ வராது. காகிதத்த எடுத்துட்டாங்க. விபூதிய எடுக்கல, அது இருக்குதுன்னே தெரியாது. ஒண்ணுமே இல்லன்னா சந்தேகம் வரும்னு ஏழ மட்டும் வுட்டு வெச்சாங்க." பச்சைக் கட்டை அவிழ்த்து விரித்தார். முப்பதுக்கு மேற்பட்ட காகிதங்களில் வெள்ளை விரல் தடம். "இதெல்லாம் உங்க தெரு ஓட்டு. ஒருத்தரும் துரோகம் பண்ணல."

ரஞ்சிதத்தின் கையிலிருந்து அரிவாள் விழுந்தது.

"யாரு எடுத்தது?" என்றாள்.

"அறை பூட்டியிருந்துச்சி. உள்ள ரெண்டே பேரு. முத்திரை உடையலன்னுதான் எல்லாரும் நம்பினோம். அங்கதான் ஏமாந்தோம். உடைஞ்சிருந்தா எவன் மேல வேணும்னாலும் சந்தேகப்படலாம். பெட்டியத் திறந்திருக்காங்க, ஆனாலும் முத்திரை முழுசா இருக்குதுன்னா, பழைய அரக்கப் பேத்துட்டுப் புது அரக்கு வெச்சிருக்கணும். பச்சைக்குக் கணக்குப்பிள்ளை மோதிரம் இருந்துச்சி. மஞ்சளுக்கு அந்த வேல் மோதிரம் வேணும். மோதிரமோ கழட்ட வராத மோதிரம்."

எல்லோரும் சுப்பிரமணியின் விரலைப் பார்த்தார்கள். அவன் அழுகையை நிறுத்தியிருந்தான்.

"ரெண்டு மாசமா தெருவுல ஒரு இழை நூல் இல்ல. உன் வாசல்ல மட்டும் பாவு எப்படிடா வந்துச்சி?" என்றார் நஜீர்.

"அக்கா..." அவன் மண்டிபோட்டான். "தறி சும்மா கெடந்துச்சி அக்கா. புள்ளைங்க கஞ்சி இல்லாம கெடந்துச்சிங்க. ஒரு மூட்டை நூல் தர்றேன்னாங்க. பாவா தோத்தா என்னா, அடுத்த தபா ஜெயிப்பாருன்னு நெனைச்சேன். செத்துப் போவாருன்னு நான் கண்டேனா?"

"ராத்திரி அவரு பொலம்பிகினு இருந்தப்ப நீ இங்கதானே குந்தியிருந்தே? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உசுரோட இருந்திருப்பாரேடா!" என்றாள் ரஞ்சிதம்.



வரதராஜன் நஜீரின் காதோரம் வந்தார். "முடிவு அறிவிச்சாச்சு சார். இனி கோர்ட்டுதான் மாத்தணும். அதுவரைக்கும் முனிரத்தினம்தான் மெம்பர்." கணக்குப்பிள்ளை காலை ரயிலிலேயே மெட்ராசுக்குப் போய்விட்டான். முனிரத்தினத்தைக் கேட்டால், தனக்கு ஒன்றுமே தெரியாது என்பார். நஜீருக்கு அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சுப்பிரமணியின் கையில் விலங்கை மாட்டினார். அகப்பட்டவன் அந்தப் பஞ்சப் பரதேசி ஒருத்தன்தான்.

போகும்போது அவன் திமிறித் திரும்பினான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடவேண்டிய கோடிப் புடவை, மூலையில் மடித்தபடி இருந்தது. காலையில் அவன்தான் கொண்டுவந்து வைத்தான். "கோடி மட்டும் போட்டுட்டுப் போறேன் அக்கா. என்ன வுட்டா உனக்கு யாரு இருக்காங்க?"

ரஞ்சிதம் புடவையை எடுத்து அவன் தோளில் போட்டாள். "எனக்குப் பொறந்த வூடு கெடையாது. போ."

அப்புறம் வாசலைப் பார்த்து, "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். தெரு உள்ளே வந்தது. ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். நஜீர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் அவரிடம் கேட்டாள். "கண்டுபுடிச்சிட்டீங்க. இத அவருகிட்ட யாருங்க சொல்றது?"

அவளே குனிந்து, ஈரம் காயாத அந்தக் காதில் வாயை வைத்தாள். "எல்லாரும் போட்டாங்கய்யா. ஒருத்தர் வுடாம போட்டாங்க. கேக்குதா? உன் தெரு உன்ன வுடலய்யா."

திரும்பத் திரும்பச் சொன்னாள். கன்னியம்மாள் வந்து பிடித்து இழுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வருவதற்குள், பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அதே குளத்துக்குப் போனார்கள். அந்தத் தெருவுக்கு வேறு தண்ணீர் இல்லை.